கோடரியும் கையெழுத்தும்: உருசிய இலக்கியத்தில் குடும்பக் காடுகள்

அந்தோன் செகாவின் 'செர்ரித் தோட்டம்' 1904ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. அவ்வாண்டு சூலையிலேயே ஆசிரியர் மறைந்தார். இன்பியல் நாடகம் என்று அவரே பெயரிட்டுக் கொடுத்ததை இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி துன்பியலாகக் கொண்டு மேடையேற்றினார் என்பதும், அதனால் ஆசிரியர் மனம் நொந்தார் என்பதும் பலரும் எடுத்துரைத்த செய்திகள். சிரிப்பதா, அழுவதா என்னும் அந்த வழக்கு நூறாண்டு கடந்தும் தீர்ந்தபாடில்லை. வழக்காடுவோர் இரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றனர். அத்தோட்டம் ஒரு குறியீடு என்பதே அது. மறைந்துகொண்டிருந்த பிரபுக்குல வாழ்வின் குறியீடு என்பர் சிலர். பயனற்றுப்போன அழகின் குறியீடு என்பர் வேறு சிலர். வகுப்பறைகளிலும் 'செர்ரித் தோட்டம் எதனைக் குறிக்கிறது?' என்பதே முதல் வினாவாக அமைந்துவிடுகிறது.

குறியீடு ஆவதற்கு முன்னர் அது ஒரு சொத்து. அதன்மேல் அடைமானக் கடன் இருக்கிறது. கட்டப்படாத வட்டி இருக்கிறது. ஆகஸ்டு 22 என்று ஏலத்திற்கு நாள் குறித்தாயிற்று. நகரிலிருந்து இருபது வெர்ஸ்த்துத் தொலைவில், புதிதாகப் போடப்பட்ட புகைவண்டிப் பாதைக்கு அருகில் அது அமைந்துள்ளது. மரங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை காய்க்கின்றன. காய்த்தாலும் வாங்குவார் இலர். முற்காலத்தில் பழத்தை உலர்த்தி, வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்க்கோவுக்கும் அனுப்பிப் பணம் பார்த்தனர் என்று எண்பத்தேழு வயதுப் பணியாளர் ஃபீர்ஸ் சொல்கிறார். அந்தப் பக்குவம் இப்போது எங்கே என்று கேட்டால், மறந்துபோயிற்று, எவருக்கும் நினைவில்லை என்பது அவர் விடை. மேலோட்டமாகப் படிப்போர் கிழவரின் பிதற்றல் என்று கடந்துவிடும் இந்த ஒரு செய்தியில் அக்குடும்பத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. மரம் வீழ்வதற்கு வெகுகாலம் முன்பே மரத்தைப் பற்றிய அறிவு வீழ்ந்துவிட்டது. கோடரி பின்னர் வந்தது.

இவ்வாறு சொத்தாக வைத்து நோக்கினால், நாடகத்தின் வினா வேறாகிவிடும். தோட்டம் எதனைக் குறிக்கிறது என்பதன்று வினா. அது யாருடையது, யார் விற்றார், விற்றபோது யாரைக் கேட்டார் என்பவையே வினாக்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுந்த உருசிய இலக்கியம் இவ்வினாக்களை மீண்டும் மீண்டும் எழுப்பியிருக்கிறது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின், உழைப்பை இலவசமாகப் பெற இயலாத நிலக்கிழார்களுக்கு உடனடியாகக் காசாக்கத்தக்கதாக எஞ்சியது காடு. புகைவண்டிப் பாதைக்குக் கட்டை வேண்டும். தொழிற்சாலைக்கு விறகு வேண்டும். நகரங்களில் வீடு கட்ட மரம் வேண்டும். கடன்பட்ட குடும்பங்கள் காட்டை விற்றன. வணிகர் வாங்கி வெட்டினர். 1888இல் காடுகளைக் காப்பதற்கென ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்திரோவ்ஸ்கி 1871இல் 'காடு' என்றே ஒரு நாடகத்திற்குப் பெயரிட்டு, சீமாட்டி ஒருத்தி காடு விற்கும் கதையையும் வாங்கும் வணிகன் அவளை ஏய்ப்பதையும் நகைச்சுவையாக்கினார். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசோவ் சகோதரர்'களில், செர்மாஷ்னியா என்னும் ஊரின் காட்டை எட்டாயிரத்துக்கு விற்பதா, பதினோராயிரத்துக்கு விற்பதா என்று பேரம் பேசிவரவே தந்தை தம் மகன் இவானை அனுப்ப முனைகிறார். இவான் ஊரில் இல்லாத அந்த இடைவெளியில்தான் கொலை நிகழ்கிறது. இவை ஒருபுறம் நிற்க, செகாவும் டால்ஸ்டாயும் இப்பொருளைக் கையாண்ட முறையே ஆழ்ந்து பயிலத்தக்கது.

செர்ரித் தோட்டத்தின் உரிமையாளராகிய ரனெவ்ஸ்கயா அம்மையாருக்கு மீட்சிக்கு வழி சொல்லாதவர் எவருமில்லை. லோபாகின் என்னும் வணிகன் முதல் அங்கத்திலேயே கணக்கோடு வழி சொல்கிறான். மரங்களை வெட்டிவிட்டு நிலத்தைக் கூறுபோட்டுக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விட்டால், ஒரு தெசியாத்தின் நிலத்துக்கு (ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்) ஆண்டுக்கு 25 ரூபிள் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அம்மையாரும் அவர் தமையன் காயெவும் அதைக் கேட்டு முகம் சுளிக்கின்றனர். கோடை வீடு, கோடைக்கு வருவோர் எல்லாம் அவர்களுக்கு அற்பமாகப் படுகின்றன. தம் தோட்டம் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றது என்று காயெவ் பெருமை பேசுகிறார். யாரோஸ்லாவில் உள்ள முதிய உறவினர் பணம் அனுப்பலாம். அன்யாவுக்குச் செல்வந்தர் ஒருவர் கணவராக வாய்க்கலாம். கடன் புரட்டலாம். இவ்வாறு மருந்துகள் பலவாகப் பெருகுவதே நோய் தீராது என்பதற்கு அறிகுறி என்று அவரே ஓரிடத்தில் உணர்ந்து பேசுவது செகாவின் குறும்பு.

தமிழ் மாணவருக்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 36ஆம் பாட்டு நினைவுக்கு வராமற்போகாது. கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருக்கிறான். அவன் வீரர் காவுகள்தோறும் புகுந்து காவல்மரங்களை வெட்டுகின்றனர். அரம் தீட்டிய கோடரியால் வீழும் மரத்தின் ஓசை கோட்டைக்குள் அரண்மனை வரை சென்று ஒலிக்கிறது. அதைக் கேட்டும் உள்ளேயுள்ள வேந்தன் இனிதாக வீற்றிருக்கிறான். இத்தகையவனோடு முரசு முழக்கிப் போரிடுவது உனக்கு நாணத்தக்கது என்று ஆலத்தூர் கிழார் சோழனுக்கு அறிவுரை கூறுகிறார். புலவரின் இகழ்ச்சி வெட்டுபவனை விட்டு, ஓசை கேட்டும் அசையாதவன்மேல் பாய்வது கருதத்தக்கது. செகாவின் நான்காம் அங்கத்திலும் அதே ஓசைதான். குடும்பம் வீட்டை விட்டு இன்னும் புறப்படவில்லை. தோட்டத்தில் கோடரி விழத் தொடங்கிவிட்டது. தாய் கிளம்பும்வரையேனும் நிறுத்தும்படி மகள் அன்யா வந்து கேட்டுக்கொள்கிறாள். லோபாகினும் தன் ஆட்களைக் கடிந்து நிறுத்தச் சொல்கிறான்.

பிரபுக்குலத்தில் பிறந்தவராகிய எழுத்தாளர் புனின் இக்காட்சியை ஏற்கவில்லை. உருசியாவில் செர்ரி மரங்கள் மட்டுமே நிறைந்த பெருந்தோட்டம் எங்கும் இருந்ததில்லை என்றும், பழைய உரிமையாளர் வெளியேறும் முன்பே எந்த வணிகனும் அவ்வளவு அவசரப்பட்டு மரம் வெட்டமாட்டான் என்றும் அவர் எழுதினார். தோட்டக்கலை பற்றிய அவருடைய தடையைத் தோட்டக்கலை அறிந்தோர் தீர்க்கட்டும். அவசரத்தைப் பற்றிய தடை மட்டும் பொருந்தாது. சொத்துக் கைமாறுங்காலத்தில் நாகரிகத்துக்காகக் காத்திருந்தவர் எத்தனை பேர்? அக்காட்சியின் கூர்மையே அந்த அநாகரிகத்தில்தான் இருக்கிறது. அதை மென்மையாக்கிவிட்டால், நாடகம் வெறும் பிரிவாற்றாமையாகச் சுருங்கிவிடும்.

லோபாகினைக் கொடியவனாகப் படிக்கும் வழக்கமும் ஒழியத்தக்கது. அவனுடைய தந்தையும் பாட்டனும் அதே பண்ணையில் அடிமைகள். சமையற்கட்டுக்குள்ளும் நுழைய விடப்படாதவர்கள். அடைமானக் கடனுக்கு மேல் 90,000 ரூபிள் கேட்டு அப்பண்ணையை அவன் ஏலத்தில் எடுத்தபோது, அவன் களிப்பும் கண்ணீரும் ஒன்றாகவே வருகின்றன. அழகை அறியாதவனும் அல்லன். ஆயிரம் தெசியாத்தினில் கசகசாச் செடி பயிரிட்டு 40,000 ரூபிள் ஈட்டியதைச் சொல்லும்போது, அச்செடிகள் பூத்திருந்த காட்சி எத்துணை அழகு என்று வியக்கிறான். தான் நட்டதன் அழகு அவனுக்குத் தெரிகிறது. தன் முன்னோர் பிறருக்காக நட்டதன் அழகைப் போற்று என்று அவனிடம் கேட்க எவருக்கு உரிமை உண்டு? மாணவன் துரோஃபிமோவ் இதனை வெளிப்படையாகவே அன்யாவிடம் எடுத்துரைக்கிறான். அத்தோட்டத்தின் ஒவ்வொரு மரத்திலிருந்தும் உயிருள்ள மனிதரை உடைமையாக ஆண்ட காலத்தின் முகங்கள் நோக்கவில்லையா என்பது அவன் கேள்வியின் கருத்து.

மலேசியத் தமிழ் வாசகர் இந்நாடகத்தை மற்ற நாட்டார் படிப்பதைப் போலப் படிக்க முடியாது. காட்டை அழித்து ரப்பர்க் கன்று நட்டவை தமிழ்த் தொழிலாளரின் கைகள். மரமும் நிலமும் பிறருடையவை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று இலாபம் கண்டனர். தோட்டத் துண்டாடல் என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த நிகழ்ச்சியில், லோபாகினின் கணக்கு அப்படியே நிகழ்ந்தது. வேலையும் குடியிருப்பும் ஒருசேர இழந்த குடும்பங்கள் வெளியேறின. அதைத் தடுக்கவே 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டம் வாங்கச் செய்தார். ரனெவ்ஸ்கயா அம்மையாருக்காக விடப்படும் கண்ணீர் இந்நாட்டு வாசகரிடம் சற்றுக் குறைவாகவே இருப்பது இயல்பு. அவர் கண்கள் தேடுவது வேறொருவரை.

அவர் ஃபீர்ஸ். பெட்டிகள் கட்டியாயிற்று, வண்டிகள் புறப்பட்டுவிட்டன, வீடு பூட்டியாயிற்று. நோயுற்ற கிழவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்களா என்று ஒருவரை ஒருவர் கேட்கின்றனர். அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்கிறான் ஒருவன். அனுப்பியாயிற்று என்று நம்புகின்றனர் மற்றையோர். எவரும் அனுப்பவில்லை. பூட்டிய வீட்டுக்குள் அவர் தனியே படுக்கிறார். எங்கிருந்தோ ஓர் இசைநாண் அறுந்தாற்போன்ற ஒலி. அதன்பின் தோட்டத்தில் கோடரி விழும் ஓசை மட்டும். ஏலத்தில் எழுதப்படாத சொத்து அவர். அடிமை முறை ஒழிந்ததையே ஒரு கேடு என்று பேசிய அவரைக் காலத்துக்கு ஒவ்வாதவர் என்று எள்ளுதல் எளிது. விடுதலை வந்தபின் எவருடைய பொறுப்பிலும் இல்லாத மனிதராகத் தாம் ஆகிவிடுவோம் என்று அவர் அஞ்சியிருந்தால், அந்த அச்சம் பொய்க்கவில்லையே.

இன்னொரு செய்தியையும் நாடகம் மெல்லச் சொல்லிச் செல்கிறது. யாரோஸ்லாவு உறவினர் அனுப்பிய 15,000 ரூபிள் இளையவள் அன்யாவின் நலன் கருதிச் சொத்தை மீட்பதற்கென வந்த பணம். ஏலத்தில் அது போதவில்லை. தெரிகானோவ் என்னும் செல்வர் எடுத்த எடுப்பிலேயே கடனுக்கு மேல் முப்பதாயிரம் கேட்டுவிட்டார். அப்பணத்தை எடுத்துக்கொண்டுதான் தாய் மீண்டும் பாரிசுக்குப் பயணமாகிறாள். அது நெடுநாள் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். மகளோ புதுவாழ்வு தொடங்கும் மகிழ்ச்சியில் அதைக் கேட்பதுகூட இல்லை. சொத்து யாருக்காக எஞ்சியிருக்க வேண்டுமோ அவரைக் கேளாமலே அது செலவாகிவிடுகிறது. இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு செகாவின் முந்தைய நாடகத்துக்குச் சென்றால் பொருள் மேலும் துலங்கும்.

'வான்யா மாமா' 1897இல் அச்சேறி, 1899இல் மாஸ்கோ கலை அரங்கில் நடிக்கப்பெற்றது. அதற்கு முன் 1889இல் செகாவ் 'வனப்பேய்' என்றொரு நாடகம் எழுதி, அது மேடையில் தோல்வியுற்றது. காடுகளைக் காக்கும் சட்டம் வந்த மறு ஆண்டு அது. அதில் பேராசிரியர் செரெப்ரியாகோவ் காட்டை வெட்டு மரத்துக்கு விற்றுவிட, காட்டின்மேல் காதல் கொண்ட மருத்துவர் ஓடிவந்து அவரிடம் மன்றாடுகிறார். இரண்டு மூவாயிரம் பணத்துக்காக ஆயிரம் மரங்களை அழிப்பதா என்று கேட்கிறார். மிகுந்த நாடகத்தன்மை வாய்ந்த காட்சிதான். ஆயினும் செகாவ் அதனை 'வான்யா மாமா'வாகத் திருத்தி எழுதியபோது அக்காட்சியை நீக்கிவிட்டார். காடு விற்பனை அங்கே ஒரே ஒரு தொடராகச் சுருங்கிவிட்டது. நிலத்தின் வருவாய் போதாது என்று பேராசிரியர் குடும்பத்தைக் கூட்டிப் பேசும்போது, காட்டை விற்கலாம், ஆனால் அது ஆண்டுதோறும் கையாளக்கூடிய வழியன்று என்று போகிற போக்கில் சொல்கிறார். மன்றாட்டத்தைக் காட்டிலும் இந்த அலட்சியம் ஆயிரம் மடங்கு கொடியது. காட்டை வெட்டுவது தவறு என்பதற்காக அவர் தயங்கவில்லை. ஒருமுறை வெட்டினால் மறுமுறை வெட்ட இராதே என்பதே அவர் தயக்கம். செகாவ் தேர்ந்த கலைஞராக முதிர்ந்தமைக்கு இந்த ஒரு நீக்கமே போதிய சான்று.

பேராசிரியரின் முடிந்த திட்டம் பண்ணை முழுவதையும் விற்பது. நிலம் இரண்டு விழுக்காடுதான் தருகிறது. பணப் பத்திரங்களில் போட்டால் நான்கு, ஐந்து விழுக்காடு வரும். எஞ்சியதில் பின்லாந்தில் சிறு கோடை வீடு வாங்கலாம் என்பது அவர் கணக்கு. அவர் மறந்தது ஒன்றுண்டு. அப்பண்ணை அவருடையதன்று. இறந்துபோன முதல் மனைவியின் சீதனம் அது. ஆகவே மகள் சோன்யாவுக்கு உரியது. 95,000 ரூபிளுக்கு அதனை வாங்கிய காலத்தில் 70,000 மட்டுமே கட்டப்பட்டது. தமக்கையின்பொருட்டுத் தன் பங்கைத் துறந்த வான்யா, எஞ்சிய 25,000 கடனையும் பத்தாண்டு எருதுபோல் உழைத்துத் தீர்த்தான். இருபத்தைந்து ஆண்டுகள் அதை ஆண்டு வந்தவனும் அவனே. மூன்றாம் அங்கத்தில் வெடிக்கும் துப்பாக்கியைப் பலரும் காதல் ஏமாற்றத்தோடு சேர்த்துப் பேசுவர். அதற்குக் கணக்குப் புத்தகத்தோடு உள்ள உறவு அதனினும் நெருக்கமானது.

அந்நாடகத்திலும் காட்டைப் பற்றிப் பேச ஒரு மருத்துவர் உண்டு. ஆஸ்திரோவ் தம் சிறு பண்ணையில் நாற்றங்கால் வைத்து மரம் வளர்ப்பவர்; அதற்காக வெண்கலப் பதக்கமும் சான்றிதழும் பெற்றவர். அடுத்துள்ள அரசுக் காட்டையும் முதிய காவலருக்கு உடல்நலமின்மையால் பெரும்பாலும் அவரே கவனிக்கிறார். மூன்றாம் அங்கத்தில் எலேனாவின் முன் அவர் விரிக்கும் நிலப்படங்கள் உலக நாடக இலக்கியத்தில் தனித்து நிற்பவை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வட்டாரத்தில் பாதி காடு. பச்சை வண்ணத்தின்மேல் சிவப்புக் கோடுகள் இட்ட இடங்களில் காட்டுமானும் ஆடும் திரிந்தன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மூன்றில் ஒரு பங்கே காடு, ஆடுகள் மறைந்தன. மூன்றாம் படத்தில் பச்சை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக நிற்கிறது. அழிந்த காட்டின் இடத்தில் சாலையும் பள்ளியும் தொழிற்சாலையும் வந்திருந்தால் மக்கள் நலமும் செல்வமும் அறிவும் பெற்றிருப்பர் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருக்கிறது. அவ்வாறு ஒன்றும் வரவில்லை. அதே சதுப்பு, அதே கொசு, அதே நச்சுக்காய்ச்சல், அதே தொண்டை அடைப்பான். குளிரிலும் பசியிலும் நோயிலும் நடுங்குபவன் தன் குழந்தைகளைக் காக்கக் கைக்கு எட்டியதையெல்லாம் எடுக்கிறான். நாளையை நினைக்க அவனுக்கு வலுவில்லை என்று அழிவின் காரணத்தையும் அவரே கூறுகிறார். வறியவனை அவர் பழிக்கவில்லை. நிலப்படம் பார்க்கும் எலேனாவோ அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் எண்ணம் வேறெங்கோ இருக்கிறது. அதுவும் அந்தக் காட்சியின் பகுதியே.

காடும் பண்ணையும் அந்நாடகத்தில் விற்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுவோர் மிகச் சிலர். பேராசிரியர் தம் இளம் மனைவியோடு வெளியேறுகிறார். வான்யாவும் சோன்யாவும் மேசையில் அமர்ந்து, தேங்கிக் கிடந்த கணக்கை எழுதத் தொடங்குகின்றனர். எண்ணெய் இத்தனை பவுண்டு என்று வாய்விட்டுச் சொல்லி எழுதும் அந்தச் சலிப்பூட்டும் ஓசை, செர்ரித் தோட்டத்தின் கோடரி ஓசைக்கு நேர் எதிரானது. அதில் மகிழ்ச்சி இல்லை. ஆனால் மரங்கள் நிற்கின்றன.

டால்ஸ்டாயிடம் வருவோர் இன்னும் வெளிச்சமான இடத்துக்கு வருகின்றனர். 'அன்னா கரேனினா' 1875 முதல் 1877 வரை இதழில் தொடராக வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதியில் ஆப்லான்ஸ்கி, எர்குஷோவோ என்னும் ஊரில் உள்ள காட்டை ரியாபினின் என்னும் வணிகனுக்கு விற்கிறான். விலை 38,000 ரூபிள். எட்டாயிரம் முன்பணம், மற்றது ஆறாண்டுத் தவணை. வேட்டைக்கு வந்த இடத்தில் நண்பன் லெவின் அவனைக் கேட்கும் ஒரே கேள்வி, மரங்களை எண்ணிப் பார்த்தாயா என்பது. மரத்தை எப்படி எண்ணுவது என்று சிரிக்கிறான் ஆப்லான்ஸ்கி. ரியாபினின் எண்ணியிருப்பான், எந்த வணிகனும் எண்ணாமல் வாங்குவதில்லை, நீ அவனுக்கு முப்பதாயிரம் தானமாகக் கொடுத்துவிட்டாய் என்பது லெவினின் வாதம். அவன் கோபத்தில் குலப்பெருமையும் கலந்திருக்கிறது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. வணிகன் கைகொடுக்க வரும்போது அவனை மதிப்பின்றி நடத்துவது அதற்குச் சான்று. உழைக்கும் குடியானவன் நிலத்தை வாங்கினால் தனக்கு வருத்தமில்லை என்றும், அறியாமையால் கைவிட்டுப் போவதே வருத்தம் என்றும் அவன் விளக்குவதை மட்டும் மேற்கோளாக எடுத்துக்கொண்டு அவனை நல்லாசிரியனாக்கிவிடுதல் கூடாது. டால்ஸ்டாய் அவனைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்.

ஆப்லான்ஸ்கி விற்றது தன் காட்டையன்று என்பதே அந்தக் கூர்மை. எர்குஷோவோ அவன் மனைவி டாலியின் சொத்து. நாவலின் தொடக்கத்தையே திரும்பப் படித்தல் வேண்டும். கணவனின் இழிசெயல் மனைவிக்குத் தெரிந்து வீடே குலைந்து கிடக்கும் காலைப்பொழுதில், மேசைமேல் ஒரு கடிதம் வந்து கிடக்கிறது. காடு வாங்கும் வணிகனிடமிருந்து வந்தது அது. விற்காமல் முடியாது; மனைவியோடு இணக்கம் ஏற்படும்வரை அதைப் பற்றிப் பேசவும் முடியாது. மன்னிப்புக் கேட்கும் நேரத்தில் பணக்கணக்கும் இடையில் வந்து கலப்பது ஆப்லான்ஸ்கிக்கே அருவருப்பாக இருக்கிறது. அருவருப்பு அவனைத் தடுக்கவில்லை. டாலி மன்னித்தாள், காடு விற்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை நாவலாசிரியர் மறுமுறை எடுத்துச் சொல்வதில்லை. இந்த ஒரு கடிதத்தை ஊன்றிப் படிக்காமல் விட்டவர், ஆப்லான்ஸ்கியை 'எல்லார்க்கும் இனியவன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றனர்.

மூன்றாம் பகுதியில் டாலி செலவைக் குறைக்கப் பிள்ளைகளோடு அதே எர்குஷோவோவுக்குக் குடிபெயர்கிறாள். காடு விற்கச் சென்றபோது வீட்டைச் செப்பனிடும் பொறுப்பையும் கணவனே ஏற்றிருந்தான். திரைச்சீலை தொங்கவிட்டிருக்கிறான், நாற்காலிகளுக்குப் புதுத் துணி, குளத்தருகே சிறு பாலம், பூச்செடி. மழை பெய்தவுடன் கூரை ஒழுகுகிறது, பாலில்லை, முட்டையில்லை, வேலைக்கு ஆளில்லை. கண்ணுக்கு அழகாக இருப்பதைச் செய்து, குடும்பம் வாழத் தேவையானதை மறந்த இந்தப் பழுதுபார்ப்பையும் காட்டு விற்பனையையும் டால்ஸ்டாய் அடுத்தடுத்து வைப்பது தற்செயலன்று. ஆயினும் அந்தக் கோடையில் பிள்ளைகள் காளான் பறிக்கின்றனர். அதுவரை பிறர் காட்டித்தர மட்டுமே கண்டறிந்த சிறுமி லில்லி, பெரிய காளான் ஒன்றைத் தானே கண்டுபிடித்து மகிழ்கிறாள். எத்தனை ஆயிரம் என்று எவரும் விலை பேசாத செல்வம் அது.

நாவலை எழுதியவருக்கு இச்செய்திகள் ஏட்டறிவு அல்ல. இளமையில் சூதாட்டக் கடன் இருந்த காலத்தில், 1854இல், அவர் பிறந்த யாஸ்னயா பொல்யானாவின் பெரிய வீடே விலையாகிப் பிரித்தெடுத்துச் செல்லப்பட்டது. செகாவின் குடும்பமும் 1876இல் தந்தையின் வணிகம் நொடித்து, தாகன்ரோகு நகரில் இருந்த வீட்டை இழந்தது. பின்னர் மெலிகோவோவிலும் யால்தாவிலும் அவர் மரம் நட்டுக்கொண்டே இருந்தார். டால்ஸ்டாய் 1910இல் தம் பண்ணையின் காட்டுக்குள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஆசிரியர் வாழ்வை நூலின் திறவுகோலாக்கும் முறை பல வேளைகளில் தவறான கதவைத் திறந்துவிடும். இங்கு அது ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துகிறது. விற்றவன் மனமும் இழந்தவன் மனமும் இவ்விருவருக்கும் உள்ளிருந்தே தெரியும்.

ஏழாம் பகுதியில் காடு மீண்டும் வருகிறது. அன்னாவின் துயரம் உச்சத்தை நெருங்கும் இடத்தில் வருவதால் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் செய்தி அது. காட்டு விலையில் மூன்றில் இரண்டு பங்கு செலவாகிவிட்டது. எஞ்சிய பங்கிலும் பெரும்பகுதியை, பத்து விழுக்காடு கழித்துக்கொண்டு, ஆப்லான்ஸ்கி முன்கூட்டியே வாங்கிவிட்டான். அதற்கு மேல் வணிகன் பணம் தர மறுக்கிறான். காரணம், அந்தக் குளிர்காலத்தில் டாலி முதன்முறையாகச் சொத்து தன்னுடையது என்று நிலைநாட்டி, கடைசித் தவணைக்கான பற்றுச்சீட்டில் கையெழுத்திட மறுத்துவிட்டாள். ஓரிரு தொடர்களில் சொல்லப்படும் இச்செயல், பெருங்குரலில் நிகழும் வேறு பல நிகழ்ச்சிகளைக் காட்டிலும் எடை மிக்கது. செர்ரித் தோட்டத்தில் உரையாற்றாதவர் இல்லை. காயெவ் புத்தக அலமாரியைப் பார்த்துக்கூட உரையாற்றுகிறார். ஆஸ்திரோவுக்கோ நிலப்படங்களும் சொல்வன்மையும் உண்டு. டாலியிடம் ஓர் உரையும் இல்லை. மை தொட்ட பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அவ்வளவே. அதைக் காட்டும் காட்சியையும் டால்ஸ்டாய் எழுதவில்லை. கணவனின் வரவு செலவுக் கணக்கில் ஒரு குறைவாக மட்டுமே அது வாசகருக்குத் தெரியவருகிறது.

அவளைப் பெண்ணுரிமையின் வீராங்கனையாக்கிவிடவும் நாவல் இடந்தருவதில்லை. எட்டாம் பகுதியில் ஆப்லான்ஸ்கியின் மன்னிப்புக் கடிதம் ஒன்று வருகிறது. தன் மானத்தைக் காக்க நிலத்தை விற்றுக் கடனைத் தீர்க்குமாறு மன்றாடுகிறான். டாலி அவனை வெறுக்கிறாள், இரங்குகிறாள், மணமுறிவு என்கிறாள், மறுத்துவிடுவேன் என்கிறாள், முடிவில் ஒரு பகுதியை விற்க இசைகிறாள். மானம் கெடாமல் அவளுக்கு உதவ லெவின் ஒரு வழி காண்கிறான். கிட்டியின் பங்காக உள்ள நிலத்தைத் தமக்கைக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று அவன் சொல்ல, தனக்கு அது முன்பே தோன்றவில்லையே என்று கிட்டி அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறாள். ஆப்லான்ஸ்கியின் கடன், இம்முறையும் ஒரு பெண்ணின் நிலத்தைக் கொண்டே தீர்கிறது.